நான்காம் வார்டின் தாகம்

மார்ச் 1, புதன்

மேலாளர் நடேசன் சார் இன்று எனக்கு ஒரு டைரி கொடுத்தார். போன வருடத்தது. இந்த வருடத்து டைரி நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். நல்லூத்துப்பாளையம் நகராட்சியின் புகார்ப் பிரிவில் ஐந்து வருடமாக உட்கார்ந்திருந்தாலும், ஒப்பந்தக் கணினி இயக்குநருக்கு மிச்சம் மீதிதான். "தேதி அதேதான அம்மிணி, கெழமைய மட்டும் அடிச்சு எழுதிக்க" என்றார். எழுதிக்கொண்டேன்.

என் ஒப்பந்தம் இந்த மாதம் 31-ஆம் தேதியோடு முடிகிறது. புதுப்பிப்பார்களா என்று இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பயத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும். டைரி எதிர்த்துப் பேசாது.

வாசலில் தண்ணீர் இணைப்பு பொங்கலிலிருந்து கசிகிறது. நானே என் கையால் புகார் பதிந்து ஆறு வாரமாகிவிட்டது. ஆனால் எங்கள் வார்டின் குழாய் பிட்டர் அங்கமுத்துவைக் குறை சொல்ல முடியாது. இந்த மாதிரிப் பொறுப்பான ஆள் எந்த வார்டுக்கும் கிடைத்திருக்க மாட்டான். வாரம் இரண்டு தரம் எங்கள் தெருவுக்கு வந்து குழாயைத் திறந்து பார்த்துவிட்டுப் போகிறான். கசிவைக் கேட்டால் மட்டும் "சாமான் வரோணும்ங்க்கா" என்கிறான். வருகிறபோதெல்லாம் டீ கொடுக்கிறேன்.

மார்ச் 6, திங்கள்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கணினிக் கம்பெனியின் ஆட்கள் வந்து மன்றக் கூடத்தில் திரை கட்டிப் படம் காட்டினார்கள். மூன்று வருடப் புகார்களையும் ஊர் வரைபடத்தின் மேல் ஏற்றியிருக்கிறார்கள். புகார் அதிகமான இடம் சிவப்பு, குறைந்த இடம் வெள்ளை. ஊருக்கு ஒரே ஒரு புது மேல்நிலைத் தொட்டி வரப்போகிறது. அதை எங்கே கட்டுவது என்பதை இந்த வரைபடம் சொல்லுமாம்.

ஆணையர் ரெஜினா மேடத்துக்கு முகமெல்லாம் வெளிச்சம். "இனிமே யாரு சத்தமா பேசுறாங்கன்னு பார்த்து முடிவெடுக்க மாட்டோம். மக்கள் என்ன கேட்டிருக்காங்கன்னு பார்த்து எடுப்போம்" என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. அந்தப் புகார்களில் பாதிக்கு மேல் என் விரல் பட்டவை.

பிறகு படம் முழுதாகத் திறந்தது. எங்கள் நான்காம் வார்டில் ஒரு சிவப்பு வட்டம், குங்குமத்தைக் கொட்டியது போல. ஊரிலேயே பெரியது. பதினேழாம் வார்டு வெள்ளை வெளேர். நான்காம் வார்டு கவுன்சிலர் கோவிந்தராசு எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "என்ற மக்கள் தாகத்துல தவிக்கறாங்கன்னு நான் சொன்னா யாரு நம்புனீங்க?" என்றார். 28-ஆம் தேதி மன்றக் கூட்டத்தில் தீர்மானம்.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் மயில்சாமிக்கு ஒரே கொண்டாட்டம். நாலு நாளைக்கு ஒரு தரம் வருகிற தண்ணீர் இனி தினமும் வரும் என்று கோழி எடுத்து வந்தார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான் காரணமாக இருக்கும்.

மார்ச் 7, செவ்வாய்

விசேஷம் ஒன்றுமில்லை. தலைவலி.

மார்ச் 9, வியாழன்

மாதம்மா வந்திருந்தார். தர்மபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, நூல் சுற்றும் மில்லில் வேலை பார்ப்பவர். பதினேழாம் வார்டில் லைன் வீட்டில் குடியிருக்கிறார். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் குடித்தனம், அதுதான் லைன் வீடு. பதினேழில் பாதிக்கு மேல் அப்படித்தான்.

"பதிமூணு நாளாச்சு கம்ப்யூட்டரம்மா, சொட்டுத் தண்ணி இல்ல. எழுதிக்கோ" என்றார். வழக்கம்போல எழுதிக்கொண்டேன்.

போகிறபோது சிரித்துக்கொண்டே போனைக் காட்டினார். "நீ எழுதுனா மெசேஜ் மட்டும் தவறாம வந்துடுது. 'தங்கள் புகார் சரி செய்யப்பட்டது.' பதினோரு தரம் சரி பண்ணிட்டாங்க. தண்ணிதான் வரல."

கணினிக் கோளாறு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் தலையாட்டினார். நான் சொன்னால் நம்புவார்.

மார்ச் 11, சனி

அங்கமுத்து காலையில் வந்து குழாயைத் திறந்து பார்த்தான். டீயை நீட்டிக்கொண்டே, எதற்கு இத்தனை தரம் வருகிறாய் என்று முதல் தடவையாகக் கேட்டேன். அவன் நெளிந்தான்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. புகார் உங்க வீட்டு நம்பர்லதானுங் வருது. 'பதிமூணு நாளா தண்ணி இல்ல'ன்னு. வந்து பாத்தா ஜோரா வருது. சரின்னு 'சரி செய்யப்பட்டது'ன்னு அமுக்கீட்டுப் போயிர்றது. மூணு வருசமா இப்படித்தான். ஆபீஸ்ல வேல செய்யறவங்க, மனசுக்கு என்ன சங்கடமோன்னு நான் கேட்டுக்கல."

எனக்குப் பைத்தியம் என்று நினைத்து மூன்று வருடமாகப் பொறுத்துப் போயிருக்கிறான்.

எழுதிவிடுகிறேன். டைரிக்குக்கூட ஒளிக்க ஆரம்பித்தால் அப்புறம் என்ன இருக்கிறது.

புகார்ப் படிவத்தில் வரி விதிப்பு எண் போடாமல் அடுத்த பக்கம் திறக்காது. வீட்டுக்கு வரி கட்டுகிறவருக்குத்தான் அந்த எண். லைன் வீட்டுக் குடித்தனக்காரர்களுக்கு ஏது? வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டால் தரமாட்டார். ஒரு வீடு என்று கணக்குக் காட்டிய இடத்தில் பத்து அடுப்பு எரிவது தெரிந்துவிடுமே. மூன்று வருடத்துக்கு முன்னால் மாதம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு என் மேசை முன்னால் வந்து நின்றார். போய் எண் வாங்கி வாருங்கள் என்று விரட்ட மனசு வரவில்லை. அந்தக் கட்டத்தில் எங்கள் வீட்டு எண்ணை அடித்தேன். பக்கம் திறந்தது.

அதன்பிறகு அவர் சொல்லி இன்னொருவர், அவர் சொல்லி நாலு பேர். 'அந்தம்மாகிட்ட போனா எழுதிக்கும்' என்று பேர் வந்தது. அந்தப் பேரில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது. புகார் எந்த எண்ணில் பதிகிறதோ அந்த வார்டு பிட்டருக்குத்தான் போகும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. உதவி செய்வதாக நினைத்து, அத்தனை பேர் குரலையும் என் வாசலிலேயே புதைத்திருக்கிறேன். சிவப்பு வட்டம் நான்காம் வார்டின் தாகம் அல்ல. அதன் நடுப்புள்ளி என் வீடு.

மார்ச் 12, ஞாயிறு

மயில்சாமியிடம் சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். "தொட்டி நம்ம தெருவுக்கு வருது. உன்ற வேலை இந்த மாசத்தோட முடியுது. இப்பப் போய் நாந்தான் தப்புப் பண்ணேன்னு நிப்பியா? பேசாம இரு புள்ளே."

அவர் கெட்டவர் இல்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அதுதான் கஷ்டம்.

மார்ச் 13, திங்கள்

எங்கள் எண்ணில் பதிவான புகார்களை எண்ணிப் பார்த்தேன். 641. நடேசன் சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கெணறு வெட்டப் பூதம் கெளம்புன கதையாயிரும் அம்மிணி. அந்த மேடம் ஆசையா செஞ்ச வேல. மூடி வெச்சுரு" என்றார்.

இரண்டு பேர் சொல்லியாயிற்று. இரண்டு பேரும் என் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். மாதம்மாவின் பதின்மூன்றாவது நாள் போய்ப் பதினேழாவது நாள் நடக்கிறது.

மார்ச் 14, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

ஆணையர் அறையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்றபடியே ஒப்பித்தேன். முடிந்ததும் மேடம் வரைபடத்தைத் திறந்து சிவப்பு வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். கடைசியில் எங்கள் வீட்டு மொட்டை மாடி வந்து நின்றது. காயப்போட்டிருந்த என் பச்சைப் புடவைகூடத் தெரிந்தது.

"மூணு வருஷத் தரவு தமயந்தி. இதை வெச்சுத்தான் நான் எல்லாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"தெரியுங் மேடம்."

"அந்த 641-ம் பதினேழாம் வார்டுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுதுனது நாந்தானுங்களே."

"உங்க ஒருத்தர் வார்த்தையை வெச்சு ஒரு தொட்டியை நகர்த்த முடியாது. அப்படி நகர்த்தினா சத்தமா பேசுறவங்க பேச்சைக் கேட்கிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? 27-ஆம் தேதிக்குள்ள ஒவ்வொரு புகாரும் எந்த இடம்னு நிரூபிச்சுக் காட்டுங்க. இல்லாட்டி இந்த வரைபடம்தான் மன்றத்துக்குப் போகும்."

வெளியே வந்து குடிநீர்ப் பானையருகே நின்று மூன்று டம்ளர் குடித்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் எட்டு நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான் பசித்தது.

மார்ச் 15, புதன்

தவறான பதிவுகளுக்கு விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை. அதை டைப் அடிக்கும் வேலையும் எனக்கே வந்தது. எனக்கு நானே அடித்து, எனக்கு நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 16, வியாழன்

ஒவ்வொரு புகாரிலும் அவரவர் போன் எண் இருக்கிறது, அந்த மட்டுக்கும் நான் பாக்கியசாலி. ஆனால் கூப்பிட்டு எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டால், "மில்லுக்குப் பின்னாடி", "பெரிய லைனு", "அண்ணாச்சி கடை சந்து" என்கிறார்கள். பதினேழில் இருக்கிற நாலு பெரிய லைனில் எந்தப் பெரிய லைன்? கதவு எண்ணும் கிடையாது, தெருப் பெயரும் கிடையாது. 641-இல் ஒன்பதைக்கூட மன்றம் ஏற்கிற மாதிரி எழுத முடியவில்லை.

மார்ச் 18, சனி

கிடைத்துவிட்டது!

தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர் புகார் சொல்ல வந்தார். வழக்கம்போல "கம்பத்து நம்பர் சொல்லுங்க" என்றேன். கேட்ட வாயை மூடவில்லை நான். ஊரில் ஒவ்வொரு கம்பத்திலும் மஞ்சள் வட்டம் போட்டு எண் எழுதியிருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் வார்டு. எந்தக் கம்பம் எங்கே நிற்கிறது என்று பொறியாளர் பிரிவில் வரைபடமே இருக்கிறது. வரி எண் இல்லாத வீடு உண்டு, கதவு எண் இல்லாத வீடு உண்டு, பக்கத்தில் கம்பம் இல்லாத வீடு ஏது? சொல்ல எந்த வீட்டுச் சொந்தக்காரருக்கும் பயப்படவும் வேண்டாம்.

மாதம்மாவுக்குப் போன் போட்டேன். மில் சத்தத்தில் கத்திச் சொன்னேன். "வெளிய வந்து கம்பத்தைப் பார்த்துச் சொல்லுங்க!"

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "பதினேழு பை நாப்பத்திரண்டு. ஏம்மா, கம்பத்துல இருந்தா தண்ணி வரப்போவுது?"

மார்ச் 19, ஞாயிறு

பதினேழுக்குப் போனேன். ஐந்து வருடத்தில் இதுதான் முதல் முறை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிடுகிறேன் என்று வந்த மயில்சாமி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு லைன் வரைக்கும் வந்தார். மாதம்மா அதற்குள் நாற்பது பேரைக் கூட்டி வைத்திருந்தார். எல்லார் கையிலும் போன். புகார் எண்ணோடு வந்த நகராட்சி மெசேஜை ஒருவர்கூட அழிக்கவில்லை. மூன்று வருடமாக 'சரி செய்யப்பட்டது', 'சரி செய்யப்பட்டது' என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒரு பெண், பிள்ளை பிறந்த மறுவாரம் கொடுத்த புகாரைக் காட்டினார். அந்தப் பிள்ளை இப்போது குடத்தை உருட்டி விளையாடுகிறது.

அவர்களிடம் உண்மையைச் சொன்னேன். என் வீட்டு நம்பரைப் போட்டது, அது எங்கே போய்ச் சேர்ந்தது, எல்லாம். மண்ணில் புதைந்துபோகலாம் போல இருந்தது.

மாதம்மாதான் முதலில் பேசினார். "மத்த எடத்துலெல்லாம் எழுதவே மாட்டேன்னாங்க. நீ தப்பா எழுதுன. எழுதுனதாலதான் இன்னிக்குத் திருத்த முடியுது. சரி, நம்பரைப் படி."

படித்தேன். திரும்பிப் பார்த்தால் மயில்சாமி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கம்பம் கம்பமாகப் போய் எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வீடு திரும்பும்போது, "இருபத்திமூணு நாளாமா" என்றார்.

மார்ச் 23, வியாழன்

402.

மார்ச் 25, சனி

530. தொண்டை கட்டிவிட்டது. எதிர்வீட்டு அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். 'வந்த தொட்டியைத் தொரத்தறவ' என்று தெருவில் பேர் வைத்திருக்கிறார்களாம். அங்கமுத்து மட்டும் வந்து, "அக்கா, உங்களுக்கு ஒண்ணுமில்லீன்னு இப்பத்தானுங் தெரியுது" என்று மனசாரச் சந்தோஷப்பட்டான்.

மார்ச் 27, திங்கள்

588 புகாருக்குக் கம்பம் கிடைத்துவிட்டது. அத்தனையும் பதினேழாம் வார்டு. 52 புகாருக்கு உரியவர்கள் ஊர் மாறிப் போய்விட்டார்கள் அல்லது போன் எடுக்கவில்லை. மொத்தம் 640. ஒன்று இடிக்கிறது. நாலு தரம் கூட்டியும் அந்த ஒன்று எதுவென்று அகப்படவில்லை.

மேடம் கம்பெனிக்காரர்களிடம் கொடுத்துப் புது வரைபடம் போடச் சொன்னார். எங்கள் வீட்டு மாடியிலிருந்த சிவப்பு அழிந்து, பதினேழில் கம்பம் கம்பமாக எழுந்தது. நான் அழுதேன். மேடம் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 28, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன்.

மன்றக் கூடத்தின் பின் பெஞ்சுகளில் பதினேழாம் வார்டுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். மில்லில் ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். மேடம் இரண்டு வரைபடத்தையும் காட்டி, என்ன நடந்தது என்று மறைக்காமல் சொன்னார். என் பெயரையும் சொன்னார். 52 புகாருக்கு இடம் தெரியவில்லை என்பதையும் சொன்னார்.

கோவிந்தராசு எழுந்தார். "ஒரு தற்காலிகப் பணியாளர் போன்ல கேட்டு எழுதுன கணக்குங்க இது. அன்னைக்குப் பொய் எழுதுன கை, இன்னைக்கு நெசம் எழுதுமுங்களா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. எனக்குத் தலை குனிந்துவிட்டது.

மேடம் கம்ப எண் எதுவும் இல்லாத பழைய பட்டியலை அவரிடமே நீட்டினார். "எந்தப் புகார் எண் வேணுமோ நீங்களே படிங்க. ஆள் இருக்காங்களான்னு பார்ப்போம்."

அவர் நடுப்பக்கத்தைத் திறந்தார். "நூத்திப்பன்னெண்டு."

பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தார். போனை உயரத் தூக்கிப் பிடித்தார். "நாந்தாங்க. கம்பம் பதினேழு பை பத்தொம்போது. சரி செய்யப்பட்டதுன்னு வந்துச்சு. செய்யல."

"முன்னூத்தி நாலு."

"நாங்க. பதினேழு பை அம்பத்தியாறு."

"அறுபத்தியேழு."

மாதம்மா எழுந்தார். "பதினேழு பை நாப்பத்திரண்டு. என்னோடது இன்னும் பதினொண்ணு இருக்குது. எல்லாத்தையும் படிங்க, நின்னுக்கினே இருக்கறேன்."

கூடம் சிரித்தது. அவர் படிக்கப் படிக்க ஆட்கள் எழுந்துகொண்டே இருந்தார்கள். எழுந்தவர் யாரும் உட்காரவில்லை. ஒரு எண்ணுக்குரியவர் ஊரை விட்டுப் போனவர். "அவங்க திருப்பூருக்குப் போயிட்டாங்க, எங்க பக்கத்து வீடு" என்று இரண்டு பேர் சேர்ந்து சொன்னார்கள். பதினோரு எண் ஆயிற்று. கோவிந்தராசுக்கு வேர்த்துவிட்டது.

"ஆறுநூத்தி இருபத்தொம்போது" என்றார்.

யாரும் எழவில்லை.

"ஆறுநூத்தி இருபத்தொம்போது!" இரண்டாவது தரம் குரல் உயர்ந்தது. "பாத்தீங்களா? ஆளே இல்லாத புகாருங்க!"

பின்பெஞ்சில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் கையிலிருந்த பிரதியைப் புரட்டி அந்த வரியைத் தேடினேன். பொங்கல் கழிந்த தேதி. போன் எண்ணைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த எண்தான்.

எழுந்து நின்றேன். "அது நானுங்க" என்றேன்.

"என்னது?"

"எங்க வீட்டு வாசல்ல கசியுதுங்க. நான் எனக்காக எழுதுன புகாரு. 641-ல நாலாவது வார்டுது அது ஒண்ணுதானுங்க. அதையும் சரி செய்யப்பட்டதுன்னு மூடியிருக்காங்க. இன்னும் கசியுது."

கூடமே வெடித்துச் சிரித்தது. நடேசன் சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோவிந்தராசும் மனிதர்தானே, அடக்கப் பார்த்து முடியாமல் அவரும் சிரித்துவிட்டார். பட்டியலை மடித்து மேசையில் வைத்தார்.

"நாலாவது வார்டுக்கு ஒரு வாசல் கசிவு. பதினேழாவது வார்டுக்குத் தொட்டி. எனக்கு ஆட்சேபணை இல்லீங்" என்றார்.

பதினேழின் கவுன்சிலருக்கே அங்கே மூன்று லைன் உண்டு. மூன்று வருடமாக அந்த வார்டைப் பற்றிப் பேசாதவர். நின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் பார்க்க, கையைத் தூக்காமல் என்ன செய்வார்? தூக்கினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தொட்டி கட்டி முடியும்வரை, பிரதானக் குழாயிலிருந்து பதினேழுக்குத் தனிக் கிளை இழுத்து நாலு நாளைக்கு ஒரு தரம் தண்ணீர். இனி புகார்ப் படிவத்தில் வரி எண்ணுக்குப் பதிலாகக் கம்ப எண் போட்டாலே பக்கம் திறக்கும். புகார் கொடுத்தவர் தன் வாயால் சரி என்று சொல்லாமல் எந்தப் புகாரையும் மூடக் கூடாது.

வாசலில் மாதம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஜெயித்துவிட்டோம். டைரியில் இதை எழுத எனக்கு என்ன வெட்கம்? ஜெயித்துவிட்டோம்!

மார்ச் 31, வெள்ளி

மேடம் கூப்பிட்டு ஒரு உறை கொடுத்தார். உள்ளே இரண்டு தாள். ஒன்று, தவறான பதிவுக்காக எழுத்துமூலம் கண்டிப்பு. இன்னொன்று, ஒரு வருடத்துக்கு ஒப்பந்த நீட்டிப்பு. "ரெண்டுமே உங்களுக்கு உரியதுதான்" என்றார். ஆமாம், ரெண்டுமே எனக்கு உரியதுதான்.

ஜூன் 19, திங்கள்

பதினேழுக்கு இழுத்த கிளைக் குழாயை இன்று திறந்தார்கள். காலை பத்தே காலுக்கு மாதம்மாவிடமிருந்து போன். தகரக் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும். பின்னால் லைன் முழுக்கக் கூச்சல். குடம் நிறைந்து சத்தம் மாறுகிறவரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மெல்லக் கேட்டேன். "உங்க புகாரு சரியாயிருச்சுங்களா?"

"ஆயிடுச்சு" என்றார். "இப்ப போடு."

போட்டேன். இதற்காக மேடம் பழைய புகார்களையெல்லாம் மறுபடி திறந்து வைத்திருந்தார். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒவ்வொருவரும் தன் வாயால் சொன்ன பிறகு ஒவ்வொன்றாக மூடினேன். அங்கமுத்து பதினேழிலேயே நின்று கம்பம் கம்பமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு 588 முடிந்தது. இடம் தெரியாத 52-க்கு எதிரில் 'ஆள் இல்லை' என்று மட்டும் எழுதி வைத்தேன், சரி செய்யப்பட்டது என்று எழுதவில்லை.

எங்கள் வீட்டு எண்ணில் இப்போது பாக்கி ஒன்றே ஒன்று. பிட்டர் சனிக்கிழமை சாமானோடு வருகிறேன் என்றிருக்கிறான். வரட்டும். கசிவு நின்ற பிறகுதான் டீ.